சீராச்சாவில் டாக்டர் சொன்னது

பிரின்சி தாய்லாந்து பாஷையைக் கற்றுக்கொண்டது ஒரு பன்றிக்கறிக் கடையில்.

அவள் புருஷன் அன்பு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மோல்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். கம்பெனியின் தலைமை ஆலை தாய்லாந்தில், சீராச்சா என்கிற கடலோர ஊரில் இருந்தது. கை சுத்தமான வேலைக்காரர்களாகப் பார்த்து அங்கே சில வருஷம் அனுப்புவார்கள். கலியாணமாகி இரண்டாம் வருஷம் அன்புவின் பெயர் வந்தது. பெண்சாதியையும் கூட்டிப் போகலாம் என்றார்கள். எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஆந்திராவுக்குக்கூட அதிகம் போயிராத பிரின்சி விமானம் ஏறினாள்.

ஆலைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் இரண்டு பக்கமும் வாடகை அறைகள். மூன்றாவது மாடியில் இவர்களுக்கு ஓர் அறை, பால்கனியில் அடுப்பு. சந்து முழுக்க அந்த ஊர்ச் சனங்கள்தான். தமிழ் பேச ஓர் ஆள் கிடையாது. இங்கிலீஷில் கேட்டால் சிரித்த முகத்தோடு தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவர்கள் நடந்து போனால், "கேக், கேக்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். முதல் வாரம் பிரின்சி, ஏதோ பிறந்தநாள் கேக்கைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே நினைத்தாள். நம்மைப் போன்ற நிறத்து வெளியூர்க்காரர்களுக்கு அங்கே அதுதான் பெயர் என்றும், விருந்தாளிக்கும் அதே சொல்தான் என்றும் பிற்பாடு தெரிந்தது. அவள் விருந்தாளி என்றே வைத்துக்கொண்டாள்.

அன்பு விடிந்ததும் கம்பெனி வேனில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். அதுவரை பிரின்சி நாலு சுவருக்குள் தனியாகக் கிடந்தாள். உப்பு என்று வாங்கி வந்தது அஜினமோட்டோவாக இருந்தது. வினிகர் என்று வாங்கி வந்தது மீன் சாறாக இருந்தது. துவைத்துப் போட்ட போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டியதற்குக் கீழ்வீட்டுக்காரி அரை மணி நேரம் கத்தினாள். திட்டுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. என்ன திட்டுகிறாள் என்று தெரியாததால் திருப்பித் திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

சந்து முனையில் நொய் என்கிற அம்மாள் பன்றிக்கறியைக் குச்சியில் குத்தி, கரியில் சுட்டு விற்பாள். ஒருநாள் அவளுடைய கூடை கவிழ்ந்து குச்சிகள் ரோட்டில் சிதறின. பிரின்சி உட்கார்ந்து பொறுக்கிக் கொடுத்தாள். மறுநாள் நொய் ஒரு முக்காலியைத் தட்டி, உட்கார் என்று காட்டினாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் பிரின்சி அந்த முக்காலியில்தான். கறியைக் குத்தினாள், பிசுக்கென்று ஒட்டும் சோற்றைச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து ரப்பர் பேண்டை ஒரே சுண்டில் மாட்டப் பழகினாள். வாங்க வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பாஷையும் வந்துவிட்டது. முதலில் எண்கள், அப்புறம் சாப்பாடு, அப்புறம் ஊர்வம்பு. ஒரு வருஷத்துக்குள் கீழ்வீட்டுக்காரியிடம் சமமாகச் சண்டை போட்டு, சமாதானமாகி, அவள் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

அன்புவுக்கு மட்டும் அது வரவில்லை.

"எனுக்கு வராது பிரின்சி. நாக்கு திரும்ப மாட்டேன்து," என்பான்.

"ஃபேக்டரில எப்டி சமாளிக்கிறீங்க?"

"மெஷினுக்கு இன்னா பாஷ? கைய காட்னா போச்சி."

அறையின் சொந்தக்காரரிடம் பேசுவது, காஸ் சிலிண்டருக்குச் சொல்வது, விசா ஆபீஸில் பதில் சொல்வது எல்லாம் பிரின்சியின் தலையில் விழுந்தது. அவன் இரண்டு அடி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பேசி முடித்து அவள் திரும்பியதும், "இன்னா சொல்றான்?" என்பான். பிரின்சிக்கு அதில் சந்தோஷம்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். ஐடிஐ படித்த புருஷன் தன் வாயைப் பார்த்து நிற்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கொரோனாவால் விமானங்கள் ஓடாமல் நின்ற வருஷத்தில் அன்புவின் அப்பா கும்மிடிப்பூண்டியில் செத்துப்போனார். போக வழியில்லை. குழியில் மண் தள்ளுவதைப் போனில் பார்த்தான். அதன்பின் அன்பு பேச்சைக் குறைத்தான், சோற்றைக் குறைத்தான். பால்கனியில் உட்கார்ந்தால் கூப்பிட்டாலும் எழ மாட்டான். நாலாவது மாடிக்காரி ஒருத்தி பிரின்சியிடம் மெதுவாக, "உன் வீட்டுக்காரரைத் தனியாக விடாதே," என்றாள்.

அந்த நாட்களில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். குழந்தை தங்கவில்லையே என்று அதற்கு முன்னால் இருவரும் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். கம்பெனி கார்டுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி அது. டாக்டரம்மாவுக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். பிரின்சி அவளுடைய பாஷையைப் பேசியதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். பிரின்சியிடம் குறை எதுவும் இல்லை. புருஷனுடைய விந்தில் உயிரணு என்பதே இல்லை. சிறுவயதில் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கலாம், அதனால் இப்படி ஆவதுண்டு. மருந்தால் திரும்பாது. இரவல் விந்து என்று ஒரு வழி இருக்கிறது, இல்லையென்றால் தத்து.

அந்த ஊர்ப் பாஷையில் புருஷனுக்குச் 'சாமீ' என்று பெயர். டாக்டரம்மா அந்தச் சொல்லை நாலைந்து தரம் சொன்னாள். அன்பு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரோரம் இருந்த மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் பிரின்சி அவன் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அப்பனைக் கடைசியாகப் பார்க்காத முகம். இதையும் சொன்னால் இந்த மனுஷன் என்ன ஆவான் என்று நினைத்தபோதே அவள் வாய் பேசிவிட்டது.

"எங்கிட்டதான் கொறையாங்க. கருக்கொழா அடச்சிருக்குதாம். கஷ்டம்னு சொல்றாங்க."

அன்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க, ஊரில் ஒருநாளும் பிடித்திராத மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"வுடு. கொழந்த இல்லனா இன்னா? எனுக்கு நீ போதும்."

அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று இருந்தது பிரின்சிக்கு. ரிப்போர்ட்டைக் கிழித்து நொய்யின் கரியடுப்பில் போட்டாள். அடுத்த மாதத்திலிருந்து அன்பு ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தான்.

விமானம் ஓடத் தொடங்கிச் சில மாதங்களில் ஊர் திரும்பினார்கள். கும்மிடிப்பூண்டியில் அதே வீடு, அதே கம்பெனி. மாமியார் முத்தம்மா தனியாக இருந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள், பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் இருந்தவள். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று பிரின்சி அன்புவிடம் கெஞ்சியிருந்தாள். வந்த முதல் வாரத்திலேயே அவன் சொல்லிவிட்டான்.

முத்தம்மா கொடுமைக்காரி இல்லை. அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் அவளுடைய துக்கம் ஓயாமல் பேசியது. தண்ணீர் பிடிக்கப் போனால் அங்கே பேசும். மீன்காரியிடம் பேசும். "எம் புள்ளைக்கு இப்டி ஒண்ணு வாச்சிதே," என்று கோழிக்குத் தீனி போடும்போதுகூடச் சொல்லும். சூலூர்பேட்டை பக்கத்திலிருந்து வேர் வாங்கி வந்து அரைத்துக் கொடுத்தாள். பிரின்சி குமட்டக் குமட்டக் குடித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம். ஞாயிற்றுக்கிழமை சபையில், கர்ப்பத்தின் கனிக்காகக் காத்திருக்கிற சகோதரிகள் முன்னால் வரலாம் என்று பாஸ்டர் சொன்னதும் முத்தம்மாவின் முழங்கை பிரின்சியின் விலாவில் இடிக்கும். எழுந்து போவாள். தன்னைவிடச் சின்னப் பெண்களோடு வரிசையில் முட்டி போடுவாள். ஆண்கள் பக்கம் அன்பு பைபிளைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருதரம் தாங்காமல், "அத்தகிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன், எல்லார்கிட்டயும் சொல்லிக்கினே கீது," என்றாள்.

"வயசானவங்க. அதுங்க வருத்தம் அதுங்களுக்கு. நீ ஏன் பெருசா எடுத்துக்கிற?" என்றான்.

அப்போதும் அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாதே என்றுதான் இருந்தது. அவனுக்காகத் தான் சுமக்கிறோம் என்கிற நினைப்பு அவளுக்கு ஒரு ரகசியச் சொத்து மாதிரி இருந்தது.

போன ஆயுத பூசைக்குக் கம்பெனியில் குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மெஷின்களுக்கெல்லாம் மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, ஷெட்டே கலியாண வீடு மாதிரி இருந்தது. தலைமை ஆலையிலிருந்து பிரசித் என்கிற மேனேஜர் வந்திருந்தார். அன்பு சீராச்சாவில் இருந்தபோது அவனுக்கு மேலே இருந்தவர். பெண்கள் பொரிகடலை வாங்க ஒரு பக்கம் வரிசையில் நின்றார்கள். பிரின்சி தட்டை வாங்கிக்கொண்டு புருஷனைத் தேடி வந்தாள். பெரிய மெஷின் ஒன்றுக்கு அந்தப் பக்கம் அவன் குரல் கேட்டது.

அவன் பேசிக்கொண்டிருந்தது தமிழ் இல்லை.

பிரின்சி அப்படியே நின்றாள். முதலில் வேறு யாரோ என்று நினைத்தாள். தடங்கலே இல்லாத பேச்சு. ஆலைக்காரர்கள் பேசுகிற மாதிரி வார்த்தைகளை வெட்டி வெட்டி, நடுவில் கெட்ட வார்த்தைகூடச் சேர்த்து, பிரசித்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கே தெரியாத சொற்களெல்லாம் அவன் வாயில் வந்தன.

"குழந்தை குட்டி?" என்று பிரசித் கேட்டார்.

"இல்லை அண்ணா. பெண்சாதிக்கு உடம்பு சரியில்லை. அங்கேயே டாக்டர் சொல்லிவிட்டார். என்ன செய்ய, தள்ளிவிட முடியுமா? வைத்துக் காப்பாற்றுகிறேன்," என்றான் அன்பு.

"நல்ல மனசு உனக்கு," என்று பிரசித் அவன் தோளைத் தட்டினார்.

பிரின்சி தட்டோடு திரும்பி நடந்தாள். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். மூன்று வருஷம் அத்தனை பேரோடு வேலை செய்தவன் கையைக் காட்டியே காலம் தள்ளினான் என்று எப்படி நம்பினோம் என்று யோசித்தாள். அறையின் சொந்தக்காரர் வாடகையை ஏற்ற வந்த அன்று, அவள் சொல்வதற்கு முன்பே அவன் முகம் மாறியது. கீழ்வீட்டுக்காரி ஒரு வேடிக்கை சொன்னபோது சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டான். எல்லாவற்றையும் விட, அந்த டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும், "இன்னா சொன்னாங்க?" என்று அவன் கேட்கவே இல்லை. எதற்கெடுத்தாலும் கேட்கிறவன் அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

அவள் கையைப் பிடித்தானே, அது தேற்றுவதற்காகப் பிடித்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து அன்பு சோற்றில் கை வைத்தபோது எதிரில் உட்கார்ந்தாள். முத்தம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிரின்சி அந்த ஊர்ப் பாஷையில், குரலை ஏற்றாமல் கேட்டாள்.

"அன்றைக்கு டாக்டர் சொன்னதெல்லாம் உங்களுக்குப் புரிந்ததா?"

"எந்த டாக்டர்?" என்றான்.

சொன்ன பிறகுதான், தான் எந்தப் பாஷையில் பதில் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கை சோற்றிலேயே நின்றது.

"இன்னாடா ரெண்டு பேரும் டிங்கு டாங்குன்னு பேசிக்கிறீங்க?" என்று முத்தம்மா சிரித்தாள். "எனுக்கும் சொல்லிக் குடுங்களேன்."

"புரிந்ததா இல்லையா?" என்றாள் பிரின்சி மறுபடியும்.

"புரிந்தது."

"எல்லாமா?"

"எல்லாம்தான். நான் உன்னைப் பொய் சொல்லச் சொன்னேனா? நீயாகச் சொன்னாய். நான் என்ன செய்ய? வராந்தாவில் நின்று, 'இல்லை, குறை என்னிடம்தான்' என்று கத்த வேண்டுமா?"

"எனக்கு வேரை அரைத்துக் குடிக்கக் கொடுத்தார்களே. சும்மா பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்."

"அம்மாவுக்கு எப்படிச் சொல்வது?"

"எனக்கு நீ போதும் என்று சொன்னீர்களே?"

அன்பு தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனான். முத்தம்மாவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"இன்னா ஆச்சி? ஏன் எந்திரிச்சிப் பூட்டான்?"

பிரின்சி தமிழில் எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரி, ரிப்போர்ட், தான் சொன்ன பொய், அவனுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது. முத்தம்மா கீரைத்தண்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். நம்ப மாட்டாள், கத்துவாள் என்று பிரின்சி எதிர்பார்த்தாள். முத்தம்மா கத்தவில்லை.

"சின்னதுல அவுனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சி," என்றாள் மெதுவாக. "கீழயும் வீங்கிக்கிச்சி. வைத்தியரு அப்பவே ஒரு மாதிரியா சொன்னாரு."

"அப்ப ஒங்களுக்கும் தெரியுமா அத்த?"

"தெரியும்னு இல்ல. ஒரு பயம்." கீரையைக் கீழே வைத்தாள். "பாரு பொண்ணே. நீதான மொதல்ல ஏத்துக்கின? அது உன் மேலயே இருக்கட்டும். பொம்பளைக்கு இது ஒரு கொற, அவ்ளோதான், நாலு பேரு பாவம்னுவாங்க. அவன் ஆம்பள. வெளிய தெரிஞ்சா தல நிமிந்து கம்பெனிக்குப் போவ முடியுமா? நான் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். வேரும் வேணாம். வாய மூடிக்கினு இருந்துடு."

சொன்னபடியே முத்தம்மா அந்த வாரம் முழுக்க எதுவும் சொல்லவில்லை. மீன் வறுத்தால் நடுத்துண்டைப் பிரின்சியின் தட்டில் வைத்தாள். பிரின்சி அதைத் தட்டோரம் ஒதுக்கி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர் வழக்கம்போல அழைத்தார். பிரின்சி உட்கார்ந்தே இருந்தாள். முத்தம்மாவின் முழங்கை தயங்கித் தயங்கி விலாவைத் தொட்டது. போகாமல் இருந்தால் சனங்கள் என்ன ஏதென்று கேட்பார்களே என்ற பயம். பிரின்சி எழுந்து போய் முட்டி போட்டாள். பாஸ்டர் அவள் தலையில் கை வைத்தார்.

"ஆண்டவரே, இந்த மகளின் கர்ப்பத்தைத் திறந்தருளும்..."

"எனுக்கு ஒண்ணும் இல்ல பாஸ்டர்," என்றாள் பிரின்சி. "அவுருக்காக ஜெபம் பண்ணுங்க. கொற அவுருகிட்டதான். டாக்டரு சொன்னது அவுருக்கும் தெரியும்."

ஜெபத்துக்குப் பின்னால் வாசித்துக்கொண்டிருந்த கீபோர்டு நின்றது. ஆண்கள் பக்கம் எல்லாத் தலையும் அன்புவை நோக்கித் திரும்பியது. அவன் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க பாஸ்டர். டாக்டரு சொன்னதுல இருந்து அவுளுக்கு மனசு சரியில்ல. வெளிய சொல்லாம வச்சிருந்தேன். இப்பல்லாம் இப்டித்தான் மாத்தி மாத்திப் பேசுது."

பாஸ்டர் முத்தம்மாவைப் பார்த்தார். பிரின்சியும் பார்த்தாள்.

"ஆமாங்கய்யா," என்றாள் முத்தம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. "ஊட்லயும் இப்டித்தான்."

பெண்கள் ஓடி வந்து பிரின்சியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இன்னொருத்தி ஆவியில் நிறைந்து அன்னியபாஷையில் ஜெபிக்க ஆரம்பித்தாள். எல்லாருக்கும் அவள்மேல் அத்தனை இரக்கம். அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு பொன்னேரிப் பக்கம் ஆரணியிலிருக்கும் அண்ணன் தானியேல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

தானியேல் நடுநிலையாகத்தான் பேசினான். "பொய் சொன்னது உன் தப்புதாம்மா. ஆனா இதுக்கு இன்னா பெரிய பேச்சு? ரெண்டு பேரும் ஒரு டாக்டராண்ட போனா தெரிஞ்சிடப் போவுது." போன் போட்டு அன்புவிடம் கேட்டான். அன்பு முடியாது என்றான். பாஸ்டரும், தேவனுடைய காரியத்தை மனுஷ பரிசோதனையால் அளக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிரின்சி தனியாகப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துக்கொண்டாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அந்தச் சேதியைத் தானியேல் கும்மிடிப்பூண்டிக்குச் சொன்னான். அடுத்த ஞாயிறு சபையில் பாஸ்டர் அதைச் சாட்சியாகச் சொன்னாராம். அடைத்திருந்த கர்ப்பத்தை ஜெபத்தினால் கர்த்தர் திறந்துவிட்டார் என்று. சபையே எழுந்து நின்று கைதட்டியதாம். அன்புவும் தட்டினானாம்.

பிரின்சி சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனி பஸ் பெரிய ரோட்டில் வந்து நிற்கும். ஒருநாள் காலை அங்கே நின்றுகொண்டிருந்தபோது, செக்போஸ்ட்டுக்குப் போகிற லாரி வரிசையை ஒட்டி அன்புவின் பைக் வந்தது. இளைத்திருந்தான். சட்டை சரியாகத் தேய்த்திருக்கவில்லை.

"அம்மாக்கு ஒடம்பு முடியல. உன்ன கூட்டினு வரச் சொல்லுச்சி," என்றான். "அதான் உனுக்கு எல்லாம் சரியாயிடுச்சே. பழச வுட்டுடலாம்."

"எனுக்கு எப்ப சரியில்லாம இருந்துச்சி?"

அவன் பைக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தான்.

"சபைல சொல்ல வேணாம். உங்கம்மாகிட்ட சொல்ல வேணாம்," என்றாள் பிரின்சி. கலியாணமான நாளிலிருந்து முதன்முறையாக அவனை ஒருமையில் கூப்பிட்டாள். "எங்கிட்ட சொல்லு. தமிழ்ல சொல்லு. கொற என்னுதுதான், தெரிஞ்சேதான் உன்ன மாட்டிவுட்டேன்னு ஒரே தரம் சொல்லு. இப்டியே பைக்ல ஏறிக்கிறேன்."

அன்பு லாரிகளைப் பார்த்தான். உதடு கொஞ்சம் அசைந்தது. சொல்லிவிடுவான் என்றே அவளுக்குத் தோன்றியது. பையைக்கூடத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"ஷிஃப்டுக்கு நேரமாவுது," என்றான். "ஏறுனா ஏறு."

அவள் ஏறவில்லை. பைக் கிளம்பி லாரிகளுக்கு நடுவில் புகுந்து போனது. திரும்பிப் பார்க்கிறானா என்று கண் தெரிகிறவரை நின்று பார்த்தாள். அப்படிப் பார்த்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

பஸ் வந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பெண் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, "யாருக்கா அது, பைக்ல வந்து பேசினு இருந்தாரே?" என்றாள்.

"ஊட்டுக்காரரு," என்றாள் பிரின்சி. வேறு சொல் எதுவும் அவள் வாய்க்கு வரவில்லை.